வழி முழுக்க வெள்ளம்

குட்டா,

உன் கடிதம் வந்தது. இரண்டு தடவை வாசித்தேன். இரண்டாம் தடவை ஒவ்வொரு எழுத்தின் மேலும் விரல் வைத்து வாசித்தேன். இனிமேல் யார் கடிதம் வந்தாலும் அப்படித்தான் வாசிப்பேன். ஐப்பசி பத்தாம் தேதி டாக்சி பிடித்துக்கொண்டு வருகிறாய் என்றும், அப்பா போக ஆசைப்பட்ட ஊர்களுக்கெல்லாம் என்னைக் கூட்டிப்போய் இரண்டே நாளில் கொண்டுவந்து விட்டுவிடுவாய் என்றும் எழுதியிருக்கிறாய். விடியும் முன்னே புறப்பட்டால் மத்தியானச் சாப்பாடு தென்காசி, படுக்கக் குற்றாலத்தில் ரூம், மறுநாள் சாயங்காலம் திரும்பக் கரமனை வீடு. கார்த்திகையில் நீ கல்ஃபுக்கு விமானம் ஏறுவதற்குள் இதை முடித்துவிட வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். முடித்துவிட. அந்த வார்த்தையில் என் விரல் நின்றுவிட்டது. பல் பிடுங்கப் போகிறவன் எழுதுவது போல எழுதியிருக்கிறாய். அதற்குக் கீழே, அம்மாவுக்கும் ஒரு மாறுதலாக இருக்கும் என்று ஒரு வரி. எனக்கு ஒரு மாறுதலும் வேண்டாம். போன மார்கழியில் ஒரு மாறுதல் வந்தது, அது போதும்.

நான் மூன்றாம் வகுப்பு வரைதான் படித்தவள். இதை எழுத நாலு நாளாகிறது. பக்கத்து வீட்டுச் சேச்சி, உனக்குக் குட்டன் என்று பேர் வைத்தவள், இன்று காலையில் எட்டிப் பார்த்துவிட்டு, "நாலு திவசமாயல்லோ எழுதுந்நு. மகனுக்கு வக்கீல் நோட்டீஸ் ஆணோ?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொன்னேன். அவள் சிரித்தாள், நான் சிரிக்கவில்லை. உன்னோடு வருவதா வேண்டாமா என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை. இதை எழுதி முடிக்கும்போது எனக்கே தெரியும் என்று நினைக்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அப்பா ஆசைப்பட்ட ஊர்கள் எவை என்று உனக்குத் தெரியாது. குற்றாலம் அவர் ஆசையில் இல்லவே இல்லை. அருவியில் தலையைக் கொடுப்பதற்காக அவர் முப்பது வருஷம் காத்திருக்கவில்லை. சாலைத் தெருவில் அந்தப் பலசரக்குக் கடை வேனை அவர் ஓட்டிய தூரமெல்லாம் ரயில்வே கூட்ஸ் ஷெட்டிலிருந்து கடைக்கும், கடையிலிருந்து ஊருக்குள் உள்ள மற்ற கடைகளுக்கும்தான். எப்போதாவது நாகர்கோவில். அதற்கு அப்பால் அவர் போனதே இல்லை. ஆனால் அவர் முதுகுக்குப் பின்னால் வேனில் ஏறி வந்த மூட்டை ஒவ்வொன்றிலும் ஒரு ஊர்ப்பேர் கறுப்பு மையில் அடித்திருக்கும். மிளகாய் மூட்டையில் ஒரு ஊர், அப்பளக் கட்டில் ஒரு ஊர், கருப்பட்டிச் சிப்பத்தில் ஒரு ஊர். சாப்பிட உட்காரும்போது எனக்குச் சொல்லுவார். "இன்னைக்குக் கடையம் வந்துதுட்டி. கல்லிடைக்குறிச்சியும் வந்துது. களக்காடு வரல்லை, மழையாம்." விருந்தாளிகள் வந்துபோனது போலச் சொல்லுவார். இந்த ஊர்களெல்லாம் நம்மைப் பார்க்க வருகின்றன, நாம் ஒருதரம் அவற்றைப் பார்க்கப் போகவேண்டாமா என்பதுதான் அவர் ஆசை. அதற்கு ஐப்பசிதான் மாதம் என்றும் சொல்லுவார். அந்தப் பக்கத்துக் குளங்கள் நிறைகிற மாதம், நாற்று நட்டு வயலெல்லாம் பச்சையாகிற மாதம், சித்திரையில் போனால் காய்ந்த மண்ணைத்தான் பார்க்க முடியும் என்பார். லாரிக்காரர்களிடம் கேட்டுக் கேட்டு அவர் போட்ட வழி, பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் பென்சிலால் எழுதியது, அடுக்களைச் சுவரில் இன்னும் ஆணியில் தொங்குகிறது. நெடுமங்காடு, பாலோடு, மடத்தறை, குளத்துப்புழை, தென்மலை, ஆரியங்காவு. அங்கே வேலை பார்க்கிற உன்னை ஏற்றிக்கொள்வது. பிறகு செங்கோட்டை, தென்காசி, கடையம், அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி, களக்காடு, வள்ளியூர், ஆரல்வாய்மொழி, நாகர்கோவில், வீடு. மூன்று நாள். காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டு எட்டு மணிக்குப் புறப்படுவது. இருட்டில் வண்டி எடுத்தால் என்ன தெரியும், பார்க்கத்தானே போகிறோம் என்பார். நீ இருட்டில் புறப்பட்டு இருட்டில் தூங்கி, குற்றாலத்தில் பல் தேய்க்கச் சொல்லுகிறாய்.

போன ஐப்பசிக்கு முன்னால் இரண்டு ஐப்பசி வீணாய்ப் போனது எனக்கும் தெரியும். ஒருதரம் முதலாளி வீட்டுக் கல்யாணம், ஒருதரம் தீபாவளிச் சரக்கு. இரண்டு தடவையும் நீ ஆரியங்காவு மர டிப்போவில் லீவு சொல்லிவிட்டுக் காத்திருந்தாய். "உங்களுக்கு முதலாளிதான் பிள்ளை, நான் சும்மா" என்று நீ ஒரு தீபாவளிக்கு வந்தபோது அவர் முகத்துக்கு நேராகச் சொன்னாய். நான் பதில் சொன்னேன், அதுவும் அதிகமாகச் சொன்னேன். ஆனால் போன ஐப்பசியில் அவர் முதலாளியிடம் போய் நின்று, மூன்று நாள் லீவும் வேண்டும், ஷெட்டில் சும்மா கிடக்கிற உங்கள் பழைய கறுப்புக் காரும் வேண்டும் என்று கேட்டார். முப்பது வருஷத்தில் அவர் கேட்டது அது ஒன்றுதான். முதலாளியும் சரி என்றுவிட்டார். அன்றைக்கு அவர் வீட்டுக்கு வந்த வரத்து உனக்குத் தெரியாது. காரைச் சந்து முனையில் மாமரத்தடியில் நிறுத்திவிட்டு, ஹாரன் அடித்து என்னைக் கூப்பிட்டார். "ஏட்டி, வண்டி வந்தாச்சு. இனிமே மழை பேஞ்சாலும் இடி விழுந்தாலும் போறோம்."

இனி நான் என் பாவத்தைச் சொல்லவேண்டும். உன் பாவத்தைப் பிறகு சொல்லுகிறேன்.

நீ மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தாய். தமிழ் எழுத்து உனக்கு நான் சொல்லிக்கொடுத்தது, அரிசி புடைக்கிற முறத்தில் விரலால் எழுதவைத்து. வீட்டுக்குள் தமிழ்தான் பேசவேண்டும் என்று சட்டம் வைத்தவளும் நான். எனக்கு இந்த ஊரில் வேறு எதன் மேலும் அதிகாரம் இல்லை. ரேஷன் கடையில் என் பேச்சுக்குச் சிரிப்பார்கள், பஸ்ஸில் சிரிப்பார்கள். வீட்டுக்குள் மட்டும்தான் என் பேச்சு நடக்கும். உனக்கு ஆறு வயதில், வெயிலில் பள்ளிக்கூடம் விட்டு ஓடிவந்து, "அம்மே, இத்திரி வெள்ளம்" என்று கேட்டாய். கையில் இருந்த அகப்பையால் உன் கெண்டைக்காலில் ஒன்று வைத்தேன். "இந்த வீட்டுக்குள்ள அது தண்ணி. வெள்ளம் வேணும்னா கரமனை ஆத்துல போய்க் குடி" என்றேன். நீ அழுதுகொண்டே "தண்ணி, தண்ணி" என்றாய். அப்பா சட்டை கழற்றிக்கொண்டே, "விடுட்டி, பிள்ளை தாகத்துக்குக் கேக்கான், நீ பரீட்சை வைக்கே" என்றார். அவரே வெளியே வேனுக்கு விடுகிறதை வெள்ளம் என்றுதான் சொல்லுவார். ஆனால் நடை ஏறி உள்ளே வந்தால் தண்ணி. எனக்குப் பயந்து இரண்டு ஆண்பிள்ளைகளும் அப்படி இருந்தீர்கள். நான் ஜெயித்துவிட்டேன் என்று இருபது வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பயணத்துக்கு முந்தின நாள் உன் கார்டு வந்தது. அப்பா காருக்கடியில் படுத்து எதையோ முறுக்கிக்கொண்டிருந்தார். முழங்கைவரை கிரீஸ். "என்னட்டி எழுதிருக்கான், வாசிச்சுச் சொல்லு" என்றார். உனக்கும் அவருக்கும் நடுவில் ஒரு கடிதம் போய்வந்தது எனக்குத் தெரியாது. மலையேற்றத்தில் பழைய வண்டி சூடாகும், வழியில் வண்டிக்கு விட வெள்ளம் கிடைக்குமா என்று விசாரித்து எழுது என்று அவர் உன்னைக் கேட்டிருந்தார். அதை அவர் கடையில் இருந்து எழுதிப் போட்டார். கடையில் இருந்தால் அது வெள்ளம்தானே. நீ பதில் எழுதினாய். நான் சொல்லிக்கொடுத்த தமிழ் எழுத்தில், என் பேர் போட்டு, வீட்டு விலாசத்துக்கு. "தென்மலை கழிந்தால் வழி முழுக்க வெள்ளம் உண்டு. பயப்பட வேண்டாம். நான் செக்போஸ்டில் நிற்பேன்."

குட்டா, நீ எனக்குத் தமிழில் எழுதினால் நான் தமிழில்தான் வாசிப்பேன். நாலு நாளாக மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. கரமனை ஆறு படித்துறையில் மூன்று படியை விழுங்கியிருந்தது. வழி முழுக்க வெள்ளம், நீ அதில் செக்போஸ்டில் நிற்கிறாய், என்னைப் பயப்படாதே என்கிறாய். உள்ளதை உள்ளபடி வாசித்திருந்தால் காருக்கடியில் கிடந்த மனுஷன் "நல்லதாப் போச்சு" என்று சொல்லியிருப்பார். நான் வாசிக்கவில்லை. நான் சொன்னேன். "ஆத்துல வெள்ளம் வந்துட்டுதாம். ரோடெல்லாம் முங்கிக் கெடக்காம். வராண்டாம்னு எழுதிருக்கான்" என்றேன். ஆறும் ரோடும் உன் கார்டில் இல்லை. வரவேண்டாம் என்பதும் இல்லை. பயம் வந்தால் என் வாய் இப்படித்தான் கூடக் கொஞ்சம் போட்டுச் சொல்லும்.

அவர் காருக்கடியிலிருந்து தலையை நீட்டினார். "அப்படியா எழுதிருக்கான்?"

"பின்ன, நான் என்ன கட்டியா சொல்லுதேன்?"

அவர் கார்டைக் கேட்டு வாங்கியிருக்கலாம். கேட்கவில்லை. மூன்றாம் வகுப்போடு நின்ற என்னைக் கல்யாணம் ஆன புதிதில் சினிமா நோட்டீஸ் வைத்து வாசிக்கப் பழக்கியவர் அவர். கார்டைக் கேட்டால் என் வாசிப்பை நம்பவில்லை என்று ஆகிவிடும். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்பம் நாகர்கோவில் வழியாட்டு எதிர்த்த பக்கம் சுத்திப் போவோமா?" என்று கேட்டார். அதற்கும் நான் விழுந்தேன். "பிள்ளை அங்கே வெள்ளத்துல நிக்கான். உங்களுக்கு ஊர் சுத்தணுமா?" என்றேன். அவர் தலையைத் திரும்பவும் காருக்கடியில் இழுத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் புளிச்சோறு கட்டியது கட்டியபடி இருந்தது. அதை இலையில் வைத்துக் கொடுத்தால், "இங்கே வேண்டாம், வண்டியில வச்சுத் தின்போம்" என்றார். மழை கொஞ்சம் வெறித்திருந்தது. மாமரத்தடியில் நிற்கிற காரில் அவர் ஸ்டியரிங் முன்னால், நான் பக்கத்தில். முன் சீட்டில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. ஒரு வாய் சோறு, ஒரு ஊர்ப்பேர். "இப்பம் நெடுமங்காடு. சந்தை கூடியிருக்கு, பாத்தியா. இப்பம் பாலோடு. இடது பக்கம் ஆறு." சேச்சி கிணற்றடியிலிருந்து பார்த்துக்கொண்டு நின்றாள். "போதும், நாலு பேரு சிரிக்காவ" என்றேன். "சிரிக்கட்டும். மடத்தறை. குளத்துப்புழையில சாயா குடிப்போமா?" என்றார். தென்மலை வந்ததும் பொட்டலத்தை மடித்து வைத்துவிட்டார். "இதுக்கு மேல வெள்ளம்" என்றார். நான் இறங்கிப் பாத்திரம் கழுவப் போய்விட்டேன். அவர் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, காரை முதலாளி வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு, வேனை எடுத்துக்கொண்டு கூட்ஸ் ஷெட்டுக்குப் போய்விட்டார். அவர் போன பயணம் அவ்வளவுதான். அதை நான்தான் பாதியில் நிறுத்தினேன். இதை எழுதும்போது அகப்பையை எடுத்து என் கையிலேயே வைத்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

இதுவரை என் பங்கு. இனி உன் பங்கைக் கேள்.

அன்றைக்கு நீ காலை முதல் சாயங்காலம் வரை செக்போஸ்டில் நின்றாய். சரி, அது கஷ்டம்தான். பெற்றவர்கள் வரவில்லை என்றால் ஒரு மகன் என்ன நினைக்கவேண்டும்? வண்டி வழியில் கவிழ்ந்ததா, அப்பனுக்கு உடம்புக்கு ஆகவில்லையா என்று நினைக்கவேண்டும். நீ என்ன நினைத்தாய்? "இந்தத் தடவையும் முதலாளி விளிச்சிருப்பார், அப்பா போயிருப்பார்" என்று நினைத்தாய், காரியத்துக்கு வந்தபோது நீயே சொன்னாய். நினைத்துவிட்டுக் குவார்ட்டர்ஸுக்குப் போய்ப் படுத்தாய். தீபாவளிக்கு வரவில்லை. ஒரு வரி எழுதவில்லை. அப்பா லாரிக்காரர்களிடம் விசாரித்தார். அங்கே ஒன்றும் குழப்பமில்லை, பையன் சுகமாக இருக்கிறான் என்றார்கள். வெள்ளம் வடிந்திருக்கும் என்று நான் சொன்னேன். பிறகு அவர் உனக்கு ஒரு இன்லண்ட் கடிதம் எழுதினார். சோறு தின்கிற பலகையை மடியில் வைத்து, மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க எழுதினார். என்ன எழுதினீர்கள் என்று கேட்டதற்கு, "அவனும் நானும் பேசுதது, உனக்கென்னட்டி" என்றார். நான்தான் கொண்டுபோய் கிழக்கேகோட்டையில் பெட்டியில் போட்டேன். அதன் பிறகு தபால்காரன் சைக்கிள் மணி கேட்கும்போதெல்லாம் அவர் சட்டை போட்டுக்கொண்டு வாசலுக்குப் போவார். சட்டை எதற்கு என்று கேட்டேன். ஒருவேளை கடிதத்துக்குப் பதில் நீயே வந்து நிற்பாயாம். மார்கழியில் கூட்ஸ் ஷெட்டில் மூட்டை ஏற்றும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அன்றைக்கு என்ன ஊர் வந்தது என்று எனக்குச் சொல்ல யாரும் இல்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லாரும் போனபிறகு, அடுக்களையில் வந்து நின்று நீ கேட்டாய். "அன்னைக்கு ஏன் வரல்லை?"

"நீதானல வெள்ளம்னு எழுதினே."

"ஆமா, வெள்ளம் உண்டுன்னு எழுதினேன். அதுக்கென்ன?"

"அதுக்கென்னவா? வெள்ளத்துல எவனாவது வண்டி விடுவானா?"

நீ என்னையே பார்த்தாய். பிறகு மெதுவாகச் சொன்னாய். "அம்மா, தண்ணி. வண்டிக்கு விடுத தண்ணி." இருபது வருஷத்துக்கு முன்னால் நான் அடித்துச் சொல்லிக்கொடுத்த வார்த்தை, கேட்கவேண்டிய நாளெல்லாம் போனபிறகு உன் வாயில் வந்தது. அப்பா எழுதின இன்லண்ட் என்னாச்சு என்று கேட்டேன். நீ பையைத் திறந்து எடுத்துக் கையில் தந்தாய். மூன்று பக்கமும் ஒட்டினது ஒட்டினபடி இருந்தது. அவர் நாக்கால் ஈரப்படுத்தி ஒட்டின பசை. "கோபத்துல இருந்தேன்" என்றாய். மறுநாள் பஸ் ஏறிவிட்டாய்.

நான் தப்பாக வாசித்தேன் குட்டா. நீ வாசிக்கவே இல்லை. இந்த இரண்டில் எது பெரிது என்று நான் தராசு பிடிக்கவில்லை. ஆனால் நான் என் தப்பைப் பத்து மாதமாகத் தினமும் எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். நீ உன் தப்பின் மேல் ஒரு டாக்சியை ஏற்றி, இரண்டு நாளில் முடித்துவிடப் பார்க்கிறாய். கல்ஃபுக்குப் போ, நான் தடுக்கவில்லை. நாளைக்கு உனக்கு ஒரு பெண்டாட்டி வருவாள், பிள்ளைகள் வரும். அவர்கள் மேல் கோபம் வந்தால் வாயைத் திறந்து கத்து, பாத்திரத்தைத் தூக்கி எறி, வாசலில் நின்று சண்டை போடு. மூடிக்கொண்டு மட்டும் படுக்காதே. கத்துகிறவனோடு மறுநாள் பேசலாம். பேசாமல் கிடக்கிறவனுக்காக எத்தனை நாள்தான் ஒரு மனுஷன் சட்டை போட்டுக்கொண்டு நிற்பான்?

சரி, நான் வருகிறேன். ஆனால் நீ போட்ட வழியில் இல்லை. காலண்டர் தாளில் உள்ள வழியில், மூன்று நாள், எட்டு மணிக்குப் புறப்பட்டு. குற்றாலத்து ரூமை வேண்டாம் என்று சொல்லிவிடு, முதல் ராத்திரி கடையத்தில் எந்தச் சத்திரமானாலும் போதும். டிரைவர் வேண்டாம், வண்டி மட்டும் எடு. உனக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்த மனுஷனின் பயணத்தில் அடுத்தவன் ஸ்டியரிங் பிடிக்கக்கூடாது. முன் சீட்டில் நான் உட்காருவேன். புளிச்சோறு நான் கட்டிக்கொண்டு வருவேன், பாலோடு வரைக்கும் பொட்டலத்தைத் தொடக்கூடாது. கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் இடுகிற ஒரு வீட்டு முன்னாலாவது வண்டியை நிறுத்தவேண்டும். தென்மலையில் நிறுத்தாதே. அந்த இடத்தில் மட்டும் நிறுத்தாதே. வண்டி சூடானாலும் ஏறிக்கொண்டே இரு, வழி முழுக்க உண்டு என்று நீதானே எழுதினாய். ஆரியங்காவு செக்போஸ்டில், அன்றைக்கு நீ நின்ற அதே இடத்தில், ஓரமாக நிறுத்து. இன்லண்டை நான் டப்பாவில் பத்திரமாக வைத்திருக்கிறேன். பிரிக்கவில்லை, அது எனக்கு எழுதினது இல்லை. அங்கே வைத்து நீ பிரித்து, சத்தமாக, ஒரு எழுத்துக் கூட்டாமல் குறைக்காமல் எனக்கு வாசித்துக் காட்டவேண்டும். அவர் எந்த வார்த்தை எழுதியிருந்தாலும் அந்த வார்த்தையை அப்படியே சொல்லு. நான் அடிக்கமாட்டேன்.

அதற்கு முன்னால் ஒன்று கேட்கவேண்டும். வண்டியில் வைத்துக் கேட்டால் நீ ரோட்டைப் பார்த்துக்கொள்வாய், அதனால் இதிலேயே எழுதுகிறேன். ஆரியங்காவிலிருந்து இங்கே நாலு மணி நேர பஸ். ஐப்பசியிலிருந்து மார்கழி வரைக்கும் அந்த பஸ் ஒரு நாள் விடாமல் ஓடியது, நான் கிழக்கேகோட்டை ஸ்டாண்டில் விசாரித்துவிட்டேன். ரோடு முங்கிக் கிடக்கிறது என்று நினைத்து நாங்கள் இரண்டு பேரும் தென்மலையில் நின்றுவிட்டோம். உனக்கு வெள்ளம் என்றால் வெறும் தண்ணீர்தானே, குட்டா, நீ ஏன் வரவில்லை?